தமிழ்க் காட்சியெழுத்தின் கரட்டு விளிம்பு

1. முன்னுரை

காஞ்சிபுர மாவட்டத்தில், ஒரகடத்தை அடுத்து அமைந்த சிற்றூர் வடக்குப்பட்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் ஈண்டு அகழாய்வு நிகழ்த்திக் கற்கருவிகளை வெளிக்கொணர்ந்தனர். அதனால் இவ்வூர்ப் பெயர் வரலாற்று மாணவர் பலர்க்கும் அறிமுகமாயிற்று. மண்ணிற் கிடந்த ஒரு கல்லைக் கருவி என்று தொல்லியலார் எங்ஙனம் துணிகின்றனர்? பெரிதும் அதன் விளிம்பைக் கொண்டே துணிகின்றனர். ஆற்றில் உருண்டு தேய்ந்த கல்லின் விளிம்பு ஒரு வகை. மாந்தன் கை தட்டிச் சில்லுப் பெயர்த்த விளிம்பு மற்றொரு வகை. கரடாக நிற்கும் அவ்விளிம்பே ஒரு கை அங்குத் தொழிற்பட்டமைக்குச் சான்றாகின்றது.

இவ்வளவைமுறை எழுத்தாராய்ச்சிக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. வடக்குப்பட்டிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்வோர் பலவகைத் தமிழெழுத்துகளைக் காண்பர். தொழிற்சாலை வாயில்களில் மழமழவென்ற ஒழுங்கான எழுத்துகள் நிற்கும். மதிற்சுவர்களில் தூரிகையால் எழுதிய எழுத்துகள் பாதி அழிந்து தோன்றும். காதணி விழாவிற்கும் மஞ்சள் நீராட்டிற்கும் கட்டிய பதாகைகளில், ஒன்று மேலேறியும் ஒன்று கீழிறங்கியும், விளிம்பு பிய்ந்தாற்போல் அமைந்தும் எழுத்துகள் துள்ளி விளையாடும். இவ்விறுதி வகையே ஈண்டு ஆராய்தற்குரியது. இக்கரட்டு விளிம்பு எங்கிருந்து வந்தது? எதற்குப் பயன்படுகின்றது? எங்குப் பயன்படலாகாது? இம்மூன்று வினாக்களுக்கும் வரலாற்று வழியில் விடை காண முயல்வாம்.

2. நூலெழுத்தும் காட்சியெழுத்தும்

தொடர்ந்து படித்தற்கென அமைந்த எழுத்தை நூலெழுத்து என்றும், ஒரு நோக்கிற் கண்ணைக் கவர்தற்கென அமைந்த எழுத்தைக் காட்சியெழுத்து என்றும் ஈண்டு வழங்குவாம். நூலெழுத்து தன்னை மறைத்துக்கொண்டு பொருளைக் காட்டும். காட்சியெழுத்தோ பொருளுடன் தன்னையும் காட்டும். தலைப்பு, பெயர்ப்பலகை, சுவர், பதாகை ஆகியன காட்சியெழுத்தின் நிலைக்களங்கள்.

இப்பாகுபாடு அச்சுக்கலை தந்த புதுமை என்று கருதுவாருளர். அக்கருத்து பொருந்தாது. காஞ்சிபுர மாவட்டத்திலேயே அதற்கு மறுப்புண்டு. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பன. அவை வரிவரியாக நெருங்கித் தொடரும் எழுத்தால் அமைந்தவை. அவற்றைப் படிப்போன் விதியை அறியவேண்டும். எழுத்தழகை நோக்கி நிற்கவேண்டுவதில்லை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலோ நிலைமை வேறு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவனின் விருதுப்பெயர்கள் அக்கோயில் திருச்சுற்றின் சிற்றாலயங்களில் நான்கு வரிசைகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. எழுத்து வடிவமோ மாறுகின்றது. பல்லவ கிரந்தமும், அணிசெய்த வடிவங்களும், வடபுல எழுத்தும் ஆண்டு இடம்பெறுகின்றன. ஊல்ட்சு என்னும் அறிஞர் இவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890ஆம் ஆண்டு வெளியிட்டார்.

ஒரு பெயரை ஒருமுறை எழுதினாலே பொருள் விளங்கிவிடும். அதனையே பல வடிவங்களில் எழுதுவது பொருளறிவிப்பதற்கு மட்டும் ஆகாது. காண்பார் வியத்தற்கும் ஆகும். அவ்விருதுகள் வடமொழிப் பெயர்கள் என்பதும், தமிழெழுத்தால் ஆயவை அல்ல என்பதும் உண்மையே. ஆயினும் எழுத்தைக் காட்சிப்பொருளாக்கி விளையாடும் மரபு இப்பகுதியிற் பழமையானது என்பதற்கு அவை போதிய சான்றாகும். இராசசிம்மனுக்கு முற்பட்ட முதல் மகேந்திரவர்மன் 'சித்திரகாரப்புலி' என்றும் 'விசித்திரசித்தன்' என்றும் விருது பூண்டவன் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

3. ஓலை தந்த வடிவம்

கல்லில் உளியும் ஓலையில் எழுத்தாணியும் தத்தம் இயல்பிற்கேற்ப எழுத்தை வளைத்தன. நேர்க்கோடு ஓலையைக் கிழிக்குமாதலின் தமிழெழுத்து வட்டமாயிற்று என்று பொதுவாகக் கூறுவர். இக்கூற்றை முழுமையாகக் கொள்ளுதல் இயலாது. க, ட, ப, ம முதலிய எழுத்துகளில் இன்றும் நேர்க்கோடுகள் நின்று நிலவுகின்றன. ஓலை எழுத்தின் வளைவை மிகுவித்தது என்று கூறுதலே அமையும்.

ஓலையின் தாக்கம் புள்ளியில் இன்னும் தெளிவாகத் தோன்றும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது அவர் கருத்து. ஆயின் பிற்காலத்து ஏடுகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. படிப்போனே இடம் நோக்கி மெய்யையும் உயிர்மெய்யையும், குறிலையும் நெடிலையும் பிரித்துணர்ந்தான். தமிழகம் போந்த வீரமாமுனிவர் ஏகாரத்திற்குக் கீழ்க்கோடும் ஓகாரத்திற்குச் சுழியும் ஏ, ஓ ஏறிய உயிர்மெய்களுக்கு இரட்டைக் கொம்பும் வகுத்தார் என்பர். எனவே, இன்று நாம் எகரத்தினின்று ஏகாரத்தைப் பிரித்தறிதற்குத் துணையாவது ஒரு சிறு கோடே. இச்செய்தியை மனத்திற் கொள்க. காட்சியெழுத்தின் பயன்பாட்டை ஆராயுங்கால் இது மீண்டும் வேண்டப்படும்.

4. ஈயமும் மரமும்

தமிழ் அச்செழுத்தின் வரலாறு நூலெழுத்தின் வரலாறாகவே தொடங்கியது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறு நூலை அண்ட்ரிக் அடிகளார் ஆக்கினார். அதற்குரிய எழுத்துகளைக் கோவாவில் யுவான் கொன்சால்வசும் கொல்லத்தில் யுவான் தெ பாரியாவும் உருவாக்கினர். ஒரு நூற்றாண்டு கழித்து, 1679ஆம் ஆண்டில், அந்தாம் தெ புரொவென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அம்பலக்காட்டில் அச்சேறியது. அதற்கு மரத்தில் எழுத்துச் செதுக்கியவர் இஞ்ஞாசி ஆய்ச்சாமணி என்பர். ஈயம் உருகி ஓடி அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும்; மரமோ உளிக்கு எதிர்நின்று, தன் நாரின் வழியே பிளக்கும். ஆதலின் மரவெழுத்தின் விளிம்பிற் கரடு தோன்றுதல் இயல்பு.

தரங்கம்பாடியில் நிகழ்ந்ததோ வேறொரு படிப்பினை. சீகன்பால்கு ஐயருக்காகச் செருமனியின் ஆலே நகரில் வெட்டப்பட்ட தமிழெழுத்துகள் 1713ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் மிகுதியாகச் செலவாகும், தாளோ அரிதாயிருந்தது. ஆதலின் ஆட்லர் என்னும் எழுத்துவார்ப்பாளர் பொறையாற்றிற் சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தகடு அதற்குப் பயன்பட்டது என்ப. 1715ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் அண்ட் என்பார் தமிழெழுத்தை மேலும் சிறிதாக்கித் திருத்தமுறச் செய்தார். 1862ஆம் ஆண்டு வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் அருவினை.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தமிழ் எழுத்துவார்ப்பாளர் உழைத்ததெல்லாம் சிறிய, ஒழுங்கான, தாளைச் சிக்கனப்படுத்தும் எழுத்திற்காகவே. பெரிய எழுத்து இடராகவே கருதப்பட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகங்கள் மீதிருந்த உரிமத்தடையை நீக்கியபின் அச்சகங்கள் பெருகின. நாடக அறிவிப்பும் வணிக விளம்பரமும் உடன் பெருகின. அவற்றிற்குப் பெரிய எழுத்து வேண்டியிருந்தது. தமிழில் எழுத்துருக்களின் எண்ணிக்கை மிகுதியாதலின் ஒவ்வோர் அளவிலும் ஒரு முழுத்தொகுதியை வார்த்து வைத்தல் பெருஞ்செலவுடையது. இவ்விடைவெளியை நிரப்பியவர் ஓவியரே. இதழ்களிற் கதைத்தலைப்புகளைப் படத்துடன் சேர்த்துக் கையாலெழுதி, உலோகத் தகட்டிற் 'பிளாக்' செய்து அச்சிட்டனர். திரைப்பட விளம்பரங்களும் பாட்டுப் புத்தக அட்டைகளும் இவ்வழியே சென்றன. இவ்வாறு தமிழ்க் காட்சியெழுத்து அச்சுக்கோப்போர் கையிலிருந்து ஓவியர் கைக்கு மாறியது.

5. மேனாட்டு ஒப்புமை

மேனாட்டிற் காட்சியெழுத்து வார்ப்புத் தொழிலுக்குள்ளேயே வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வார்ப்பகங்கள் பருத்த எழுத்துகளை விளம்பரத்திற்கென வெளியிட்டன. 1827ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டேரியசு வெல்சு என்பவர் மரவெழுத்துகளை எந்திரத்தாற் பெருமளவிற் கடையும் முறையைக் கண்டார். பெரிய ஈயவெழுத்து எடை மிகுந்தது, விலை மிகுந்தது, ஆறும்போது முகம் குழிவது. மரவெழுத்திற்கு இக்குறைகள் இல்லை.

கரட்டு விளிம்பை வேண்டுமென்றே விரும்பியதற்கு 1923ஆம் ஆண்டில் வெளிவந்த நொய்லாந்து எழுத்துரு தலைசிறந்த சான்று. அதனை ஆக்கிய ருடால்ஃப் கோக், தாளில் வரைந்து பார்க்காமலே உலோகத்தில் நேரே எழுத்தை வெட்டினார். ஆதலின் ஓர் அளவில் அமைந்த எழுத்து மற்றோர் அளவிற் சிறிதே மாறிநிற்கும். உளி சென்ற வழியே வடிவமாயிற்று. பிற்காலத்தார் இதனைக் காடு, வேட்டை, ஆப்பிரிக்கா என்னும் பொருள்களுக்கே அடையாளமாக்கினர். 1993ஆம் ஆண்டு வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படத் தலைப்பெழுத்தும் இவ்வினத்தது. ஒரு பெருங்கண்டத்தின் மக்களைக் கரட்டு எழுத்தாற் குறிப்பது அவர்களைப் பண்படாதவராகக் காட்டுவதாகும் என்னும் கண்டனமும் எழுந்தது. எழுத்தின் பொருள் வடிவத்தில் மட்டும் தங்குவதில்லை. பயன்பாட்டால் அதன்மேல் ஏறுவதும் உண்டு என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

6. தூரிகையும் சுவரும்

தமிழகத்திற் கரட்டு எழுத்தை வளர்த்தது சுவர். சுண்ணாம்பு பூசிய சுவர் தாளைப்போல் வழவழப்பானதன்று. பெயிண்டர் நூலிற் பொடி தடவி இழுத்துத் தெறித்துக் கோடு காண்பார். பின் பட்டைத் தூரிகையால் எழுதுவார். வண்ணம் நிறைந்த தூரிகை தொடங்குமிடத்தில் எழுத்துப் பருத்து நிறைந்திருக்கும். இழுப்பு முடியுமிடத்தில் வண்ணம் குறைந்து, மயிர் பிரிந்து, விளிம்பு சிதறும். அச்சிதறல் விரைவின் அடையாளம். சுவர் நீண்டு சொல் குறுகின் எழுத்தை அகட்டுவதும், சொல் நீண்டு சுவர் குறுகின் ஒன்றன் கீழ் ஒன்றைச் செருகுவதும் பெயிண்டரின் தனித்திறன். ஈயவெழுத்திற்கு இந்நெகிழ்ச்சி இல்லை.

அரசியல் இயக்கங்கள் இக்கலையைப் பெரிதும் பயன்படுத்தின. திராவிடர் கழகக் கருத்துகளைச் சுவரில் எழுதிய தொண்டர் ஒருவர் 'சுவரெழுத்து சுப்பையா' என்றே பெயர்பெற்றார். எழுத்தே அவர்க்கு அடைமொழியாயிற்று. மறுபுறம், பொதுவிடங்களை உருக்குலைத்தலைத் தடுக்கும் சட்டம் 1959ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சுவரெழுத்து அத்துணைப் பெருகியிருந்தது என்பதற்கு அச்சட்டமும் ஒரு சான்று.

எழுத்துச் சீர்திருத்தமும் சுவர்களில் தடம் பதித்தது. 1978ஆம் ஆண்டு அரசாணை ணா, றா, னா முதலாகவும் ணை, லை, ளை, னை ஈறாகவும் பதின்மூன்று உயிர்மெய்களின் பழைய வடிவங்களை மாற்றியது. யானை துதிக்கையைத் தூக்கினாற்போல் மேலெழுந்து வளையும் பழைய லைகாரத்தை ஒரு பலகையிற் காணின், அப்பலகை அவ்வாண்டிற்கு முற்பட்டதாகலாம் எனக் கருத இடமுண்டு. எனினும் பழகிய கை பழைய வடிவத்தை உடனே விடாதாதலின் இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

7. கணிப்பொறி எழுத்துரு

1991ஆம் ஆண்டில் ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிப் பிளக்சுப் பதாகை பரவியபோது தூரிகையின் இடத்தைக் கணிப்பொறி எழுத்துரு கைப்பற்றியது. 2016ஆம் ஆண்டளவிற் கட்டணமின்றி எவரும் கையாளத்தக்க காட்சியெழுத்துருக்கள் சில தமிழுக்குக் கிட்டின. ஏக் டைப் குழுவின் வெளியீடாக ஆதர்சு ராசன் வடிவமைத்த பலூ தம்பி பருத்து, மூலை மழுங்கி, குழந்தைத்தன்மையுடன் நிற்பது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீசு வடிவமைத்த கவிவாணர் கையெழுத்துப்போற் சாய்ந்து செல்வது. இவை பதாகைக்கும் வாழ்த்துமடலுக்கும் சிறுவர் நூலட்டைக்கும் ஏற்ற விளையாட்டு இயல்புடையன.

இவற்றிற்கு அப்பால், விளிம்பு பிய்ந்தனவும் தூரிகை காய்ந்தனவும் போன்ற எழுத்துருக்களும் இன்று பதாகைகளில் மிக வழங்குகின்றன. இவற்றைக் கையெழுத்தினின்று பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. 'தாத்தா' என்னும் சொல்லை நோக்குக. கை எழுதிய சொல்லாயின் இரண்டு 'தா'வும் ஒன்றுபோல் இரா. முதல் எழுத்தில் வண்ணம் நிறைந்தும் இறுதியில் வறண்டும் இருக்கும். எழுத்துருவாயின் முதல் 'தா'வில் எவ்விடத்திற் கீறல் உள்ளதோ அவ்விடத்திலேயே இறுதி 'தா'விலும் இருக்கும். ஓரெழுத்துக்குப் பல மாற்றுருக்களைப் படைத்து மாறிமாறி வரச்செய்யும் நுட்பம் இப்பொழுது உண்டு; ஆயினும் அம்மாற்றமும் முன்னரே எண்ணி வைத்த மாற்றமே. கையெழுத்தின் கரடு நிகழ்ந்தது. எழுத்துருவின் கரடு வரையப்பட்டது. முன்னது சான்று, பின்னது அணி. அணி என்பதனால் அது தாழ்ந்ததன்று. சான்று என மயங்காதிருத்தலே ஆராய்வோர் கடன்.

8. பயன்பாட்டின் எல்லை

இனி, இவ்வெழுத்தை எங்குப் பயன்படுத்தலாம் என்பதை நோக்குவாம். விழா, நாடகம், சிறுவர் நூல், உணவுக்கடை, திரைப்படம் ஆகியவற்றிற்கு இது பொருந்தும். அங்குச் சொல் ஓரளவு முன்னரே அறிந்தது. காண்போன் உள்ளத்திற் களிப்பை எழுப்புவதே நோக்கம். எழுத்துத் துள்ளினாற் பொருள் கெடாது.

ஒரகடம் போன்ற தொழிற்பகுதியில் மற்றொரு வகை எழுத்தும் உண்டு. உயர் மின்னழுத்தம், நச்சு நீர்மம், எந்திர இயக்கம் ஆகியன பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் அவ்வகையின. 2010ஆம் ஆண்டில் ரெனோ–நிசான் தொழிற்சாலையும் 2012ஆம் ஆண்டில் டெய்ம்லர் தொழிற்சாலையும் ஒரகடத்தில் தொடங்கப்பட்டன. இத்தகைய தொழிற்பகுதிகளுக்குத் தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத தொழிலாளரும் பலர் வருகின்றனர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவர்க்கு ஒவ்வொரு கோடும் இன்றியமையாதது. 'எரி' என்பதற்கும் 'ஏரி' என்பதற்கும் இடையே நிற்பது வீரமாமுனிவர் தந்த ஒரு சிறு கோடு. 'ஒடு', 'ஓடு' என்பவற்றிடையே ஒரு சுழி. 'தொடு', 'தோடு' என்பவற்றிடையே கொம்பின் ஒரு மடக்கு. விளிம்பைப் பிய்க்கும் எழுத்துரு முதலில் விழுங்குவது இக்கோட்டையும் சுழியையும் புள்ளியையுமே. ஏடு படித்த புலவன் புள்ளியின்றியும் பொருளுணர்ந்தான். அவனுக்கு நேரமிருந்தது, யாப்பும் துணைநின்றது. எந்திரத்தின் அருகில் நிற்போனுக்கு இரண்டும் இல்லை. ஆதலின் உயிர்காக்கும் பலகைகளிற் கரட்டு எழுத்தும் துள்ளெழுத்தும் விலக்கத்தக்கன.

இடமறியாப் பயன்பாடு அறிவுலகத்திலும் நிகழ்ந்ததுண்டு. 1994ஆம் ஆண்டில் வின்சென்ட் கோனர் படைத்த காமிக் சான்ஸ் என்னும் விளையாட்டு எழுத்துருவால், 2012ஆம் ஆண்டு சூலையில் இக்சு துகள் பற்றிய செர்ன் ஆய்வக அறிவிப்பின் படவில்லைகள் சில எழுதப்பட்டன. பேரறிவியற் செய்தியினும் எழுத்துருவைப் பற்றிய நகைப்பே சிலரிடத்து மிகுந்தது. செய்தி எழுத்தால் நிறம் மாறும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கரட்டு விளிம்பு முதலிற் கருவியின் எல்லையாகவும், பின்னர்க் கையின் அடையாளமாகவும், இன்று விரும்பி அணியும் ஒப்பனையாகவும் வளர்ந்துள்ளமை விளங்கும். ஒப்பனை நிலைத்துவிட்டது; அதற்கு மூலமான கையெழுத்தோ மறைந்துவருகின்றது. கோவாவில் எழுத்து வார்த்த கொன்சால்வசின் பெயர் நமக்குத் தெரியும். அம்பலக்காட்டில் மரஞ்செதுக்கிய ஆய்ச்சாமணியின் பெயரும் தெரியும். நம் தந்தையர் காலத்திற் சுவரெழுதிய பெயிண்டர்களின் பெயர்கள் தெரியா.

அப்பெயர்கள் எழுதப்படாமற் போகவில்லை. ஏடெழுதினோர் ஏட்டின் இறுதியில் ஆண்டும் நாளும் தம் பெயரும் பொறித்தமைபோல், பெயிண்டரும் விளம்பரத்தின் கீழ்மூலையிற் சிற்றெழுத்தால் தம் பெயரையோ தம் கடைப்பெயரையோ எழுதுவர். அடுத்த வெள்ளையடிப்பில் அது மறைந்துவிடும். ஏட்டுச்சுவடிகளின் இறுதிக்குறிப்பைப் போற்றித் தொகுக்கும் தமிழ்த்துறைகள் சுவரின் இறுதிக்குறிப்பையும் தொகுத்தல் வேண்டும். மாணவர் தத்தம் ஊரில் எஞ்சியுள்ள கையெழுத்துப் பலகைகளையும் சுவர்களையும் படமெடுத்து, எழுத்தின் உயரம், வண்ணம், பழைய உயிர்மெய் வடிவம், மூலையிலுள்ள பெயர் ஆகியவற்றைக் குறிப்பாராயின், அதுவே எழுத்துரு வடிவமைப்போர்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் மூலநூலாகும்.

பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் கல் தட்டிய ஒருவன் கையை வடக்குப்பட்டின் மண் காத்துத் தந்தது. சுவரோ மண்ணைப்போற் காக்காது. ஆதலின் அப்பணி நம்முடையதாகின்றது.